லாண்டாவ் தீவு: கேபிள் காரில் ஏறி, கப்பலில் திரும்பும் ஒரு நாள்

கேட்டிருப்பது இது: நவம்பரில் அம்மா அப்பாவுடன் ஹாங்காங் வருகிறோம், சிம் ஷா சுய் பக்கம் தங்கப் போகிறோம், ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. டாக்சியும் டூர் வண்டியும் இல்லாமல் ரயில், பஸ், கேபிள் கார் இவற்றிலேயே பெரிய புத்தரையும் லாண்டாவ் தீவையும் பார்த்துவிட முடியுமா?

தாராளமாக முடியும். சொல்லப்போனால் அந்தத் தீவை அப்படித்தான் பார்க்க வேண்டும். அங்கே வேலை பார்த்த ஏழு ஆண்டுகளில் ஊரிலிருந்து வந்த எல்லோரையும் நான் முதலில் கூட்டிப்போனது லாண்டாவுக்குத்தான். அந்த அனுபவத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கேபிள் காருக்கு ஒரு வழி டிக்கெட் மட்டும் எடுங்கள். போகும்போது கேபிள் கார். வரும்போது பஸ்ஸும் கப்பலும். பெரும்பாலானவர்கள் போக வர இரண்டுக்கும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். புத்தரைப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கி, சாயங்காலம் மூன்று மணிக்கெல்லாம் ஷாப்பிங் மாலில் நிற்கிறார்கள். தீவின் தென்பாதி முழுவதும் பார்க்கப்படாமல் கிடக்கிறது. முதல் முறை என் அம்மாவைக் கூட்டிப்போனபோது நானும் அதையே செய்தேன். தாய் ஓ கிராமத்தில் இருந்த எங்களுக்கு, கையில் டிக்கெட் இருக்கிறதே என்று மறுபடி மலை ஏறவேண்டி வந்தது. அம்மாவுக்கு அங்கிருந்து கிளம்பவே மனமில்லை.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். இந்திய பாஸ்போர்ட் என்றால் 14 நாள் வரை தங்க விசா தேவையில்லை. ஆனால் 2017 ஜனவரியிலிருந்து ஆன்லைனில் முன்பதிவு செய்திருக்க வேண்டும். இலவசம்தான், ஆறு மாதம் செல்லும். அதை ஊரிலேயே முடித்து, தாளில் அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். அடுத்தது ஆக்டோபஸ் கார்டு. ஏர்போர்ட்டிலோ எந்த ரயில் நிலையத்திலோ மூன்று பேருக்கும் தனித்தனியாக வாங்குங்கள். ஒரே கார்டில் மூன்று பேர் போக முடியாது. ரயில், பஸ், டிராம், கப்பல், சின்னக் கடை எல்லாவற்றுக்கும் அது போதும். 1997-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. அந்த ஊரில் சின்னப் பிள்ளை முதல் பாட்டி வரை எல்லோர் பையிலும் இருக்கும். பஸ்ஸில் காசாகப் போட்டால் மீதிச் சில்லறை தரமாட்டார்கள் என்பதாலும் கார்டு நல்லது. லாண்டாவ் பஸ்களில் ஞாயிறும் அரசு விடுமுறையும் கட்டணம் கூடுதல், கூட்டமும் பல மடங்கு. அதனால் வார நாளாகப் பார்த்துப் போங்கள்.

காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். சிம் ஷா சுய்யில் சிவப்பு நிற வழித்தட ரயிலில் ஏறி லாய் கிங்கில் இறங்கி, ஆரஞ்சு நிற துங் சுங் ரயிலுக்கு மாறுங்கள். சில வண்டிகள் நடுவிலேயே சிங் யீயோடு நின்றுவிடும். பலகையில் துங் சுங் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். சிங் யீ தாண்டியதும் ரயில் சிங் மா பாலத்துக்குள் நுழையும். 1997-ல் திறந்த தொங்கு பாலம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1,377 மீட்டர். மேல்தளத்தில் சாலை, கீழ்த்தளத்தில் ரயில். இரும்புச் சட்டங்களுக்கு இடையில் கடல் வந்து வந்து மறையும். கண் சிமிட்டினால் போய்விடும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

துங் சுங் கடைசி நிலையம். 'பி' வாசல் வழியாக வெளியே வந்தால் ஒரு பக்கம் கேபிள் கார் நிலையம், இன்னொரு பக்கம் பஸ் நிலையம். டிக்கெட்டை ஆன்லைனில் நேரம் குறித்து முன்பே எடுத்துவிடுங்கள். கண்ணாடித் தரை போட்ட பெட்டிக்குக் கூடுதல் விலை. என் கருத்தைக் கேட்டால் முதல் தடவைக்கு அது வேண்டாம். காலுக்குக் கீழே தெரிவது தண்ணீரும் மரமும்தான். பார்க்க வேண்டியதெல்லாம் பக்கவாட்டு ஜன்னலில் இருக்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உயரம் என்றால் தலைசுற்றும் என்றால் கட்டாயம் சாதாரணப் பெட்டிதான். விடுமுறை நாளில் மாட்டிக்கொண்டால் மட்டும் யோசியுங்கள். விலை அதிகம் என்பதால் அந்த வரிசை சில சமயம் குறைவாக இருக்கும்.

கேபிள் காரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரியவர்களுக்குப் பயம் வருவது அது எப்படி ஓடுகிறது என்று தெரியாததால்தான். 2006-ல் திறந்த இந்தத் தடம் 5.7 கிலோமீட்டர் நீளம். போய்ச் சேர 25 நிமிடம். ஒரே கயிற்றில் எல்லாவற்றையும் தொங்கவிடும் முறை இல்லை இது. அசையாமல் கட்டப்பட்ட ஒரு கனமான கம்பிவடம் தண்டவாளம் போல இருக்கிறது. பெட்டியின் சக்கரங்கள் அதன் மேல் உருள்கின்றன. இன்னொரு வடம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி அதைப் பிடித்துக்கொண்டு போகிறது. அதனால் காற்றிலும் ஆட்டம் குறைவு. நிலையத்துக்குள் வந்ததும் பெட்டி அந்த ஓடும் வடத்தை விட்டுவிடும். ஆகவே ஏறும் இடத்தில் அது நடைவேகத்துக்கும் குறைவாக ஊர்ந்துகொண்டிருக்கும். முழுவதுமாக நிற்காது, அவசரப்படவும் வேண்டாம். ஊழியர்கள் கைகொடுத்து ஏற்றிவிடுவார்கள்.

விபத்து நடந்ததா என்று அப்பா கேட்டால் மறைக்க வேண்டாம். 2007 ஜூனில், சேவை முடிந்து பயணிகள் யாரும் இல்லாத நேரத்தில் நடந்த சோதனையின்போது ஒரு காலிப் பெட்டி கீழே விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. உடனே தடத்தை மூடினார்கள், நடத்திவந்த நிறுவனத்தை மாற்றினார்கள், ஆண்டு இறுதியில்தான் மறுபடி திறந்தார்கள். 2017-ல் வடங்களை மாற்றுவதற்காகவே ஏறத்தாழ ஐந்து மாதம் மூடி வைத்தார்கள். இப்போதும் ஆண்டில் சில நாள் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். தேதிகள் அவர்களது வலைத்தளத்தில் இருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பலத்த காற்று, இடி மின்னல் என்றாலும் ஓடாது. அன்று மனம் தளர வேண்டாம்; அதே வாசலில் 23-ஆம் எண் பஸ் நிற்கும், மலைப்பாதையில் வளைந்து வளைந்து முக்கால் மணி நேரத்தில் மேலே கொண்டுபோய் விடும்.

உட்காரும் இடம் முக்கியம். பெட்டியில் இரண்டு வரிசை, ஒருவரை ஒருவர் பார்த்தபடி. முதலில் தடம் வளைகுடாவைத் தாண்டி ஏர்போர்ட் தீவின் கரைக்குப் போகிறது. அங்கே ஒரு கோபுர நிலையத்துக்குள் புகுந்து சட்டென்று திரும்பி, மறுபடி தண்ணீரைக் கடந்து மலைமேல் ஏறுகிறது. ஏறுகிற அந்த நேரத்தில் விமான நிலையம் முழுவதும் உங்களுக்குப் பின்னால் விரியும். ஆகவே முதல் பாதியில் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால்தான் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் தெரியும். 1998-ல் திறந்த அந்த ஏர்போர்ட், இரண்டு சின்னத் தீவுகளை வெட்டிச் சமமாக்கி, கடலை மண்போட்டு மேடாக்கிக் கட்டியது. மேலே இருந்து பார்க்கும்போது அதன் ஓரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருப்பது அதனால்தான். வானம் தெளிவாக இருந்தால் 2018-ல் திறந்த ஜூஹாய் மக்காவ் பாலமும் கடலில் கோடாக நீண்டு கண்ணுக்கு எட்டாமல் போவது தெரியும். பிறகு நெய் லாக் ஷான் மலைத்தோளில் இருக்கும் இரண்டாவது திருப்ப நிலையம் வரும். அதற்குமேல் முன்பக்கம் பார்க்க வேண்டும்; பச்சை மலைகளுக்கு நடுவே புத்தர் உட்கார்ந்திருப்பார். கீழே குனிந்தால் மரங்களுக்கிடையில் ஒரு படிப்பாதை தடத்தோடு கூடவே வரும். பெட்டிகள் நடுவழியில் நின்றால் மீட்பதற்காகப் போட்ட பாதை அது. இப்போது அதில் மலையேறுகிறவர்கள் நடக்கிறார்கள், கையசைத்தால் திருப்பிக் கையசைப்பார்கள்.

மேலே இறங்கியதும் ஒரு கடைத்தெரு. புதிதாகக் கட்டியது, நினைவுப்பொருள் கடைகள், நடந்து தாண்டிவிடுங்கள். தாண்டினால் மாடுகள் படுத்திருக்கும். யாருக்கும் சொந்தமில்லாதவை; இந்தத் தீவில் விவசாயம் நடந்த காலத்து உழவு மாடுகளின் வாரிசுகள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவற்றின் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

புத்தருக்கு 268 படிகள். வழியில் நிழல் கிடையாது, அதனால் பதினொரு மணிக்குள் ஏறிவிடுவது நல்லது. முட்டி வலி இருப்பவர்கள் முடிந்த அளவு ஏறலாம். நடுவில் நின்று இளைப்பாற இடம் உண்டு. சுத்தமாக ஏற முடியாதவர்களுக்கென்று பின்பக்கம் வண்டிப்பாதை ஒன்று இருக்கிறது, அங்கிருக்கும் ஊழியர்களிடம் கேட்டுப் பாருங்கள். கீழேயே உட்கார்ந்தாலும் குறையில்லை. சிலை 34 மீட்டர் உயரம், 250 டன்னுக்கு மேல் எடை, 202 வெண்கலத் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. 1993 டிசம்பர் கடைசியில் முடித்தார்கள். பெய்ஜிங்கில் இருக்கும் சொர்க்கக் கோயிலின் பலிபீட வடிவில் அடித்தளம் அமைத்ததால் தியான் தான் புத்தர் என்று பெயர். சீனத்துப் பெரிய புத்தர்கள் வழக்கமாகத் தெற்கு பார்ப்பவர்கள். இவர் வடக்கு பார்க்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் பஸ்ஸில் உதவும். வலக்கை அபயம் காட்டுகிறது, இடக்கை மடிமேல் வரம் தருகிறது. அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படாது.

எதிரே போ லின் மடம். 1906-ல் மூன்று துறவிகள் ஒரு பெரிய குடிசை போட்டுத் தொடங்கியது. 1924-ல்தான் விலைமதிப்பற்ற தாமரை என்று பொருள்படும் இந்தப் பெயர் வந்தது. மதியச் சாப்பாட்டை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங்கில் நம் ஊர்ச் சைவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். காய்கறி நூடுல்ஸ் என்று கேட்டு வாங்கினால் குழம்பு பன்றி எலும்பில் கொதித்ததாக இருக்கும். இங்கே அந்தக் கவலை இல்லை. முழுச் சைவம், துறவிகளின் வழக்கப்படி வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிடும் பந்திச் சாப்பாடு ஒன்று, சில்லறைத் தின்பண்டக் கவுண்டர் இன்னொன்று. எனக்குப் பிடித்தது இரண்டாவது. வறுத்த நூடுல்ஸ், காய் வைத்த ஸ்பிரிங் ரோல், அப்புறம் சோயாப் பாலைத் தயிர் போல உறையவைத்து இனிப்புப் பாகு ஊற்றித் தருகிற தௌஃபூஃபா. சூடாகக் கேட்டு வாங்குங்கள்.

சாப்பிட்டதும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். மடத்தைத் தாண்டிக் காட்டு வழியில் கால் மணி நேரம் நடந்தால் ஞானப்பாதை. கேபிள் காரில் வருகிறவர்களில் பலர் இதுவரை வருவதில்லை. எனக்கு அந்தத் தீவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்கலாம் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மலைச்சரிவில் 38 பெரிய மரத்தூண்கள், படுக்கவைத்த எட்டு போல முடிவிலிக் குறி வடிவத்தில் நட்டிருக்கிறார்கள். தூண்களில் செதுக்கியிருப்பது பிரக்ஞாபாரமிதா இருதய சூத்திரத்தின் சீன வடிவம். எழுத்து, ஜாவ் சுங்-யீ என்ற பேரறிஞருடையது. சமஸ்கிருதமும் கற்றவர், 2018-ல் நூறு வயதில் மறைந்தார். சீனாவில் எல்லோரும் ஓதுகிற அந்த வடிவத்தை மொழிபெயர்த்தவர் யுவான் சுவாங் என்பது மரபு. நம் பள்ளிப் பாடத்தில் வரும் அதே யுவான் சுவாங். பல்லவர் காலத்துக் காஞ்சிபுரத்துக்கு வந்து, பார்த்ததை எழுதி வைத்தவர். எழுத்து புரியாவிட்டாலும் இதை அப்பாவிடம் சொல்லிவிட்டு நடக்கவிடுங்கள். மேட்டின் உச்சியில் நிற்கும் தூணில் மட்டும் ஒன்றும் எழுதியிருக்காது. சூத்திரம் பேசுவது சூன்யத்தைப் பற்றி. அதற்காகவே அதை வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புத்தர் இருக்கும் இந்த மலைமேட்டுக்கு நொங் பிங் என்று பெயர்; இங்கிருந்து தாய் ஓ போகும் 21-ஆம் எண் பஸ் அடிக்கடி இல்லை; மதியத்துக்குப் பிறகு சீக்கிரமே நின்றுவிடும். காலையில் மேலே வந்ததும் முதல் வேலையாகப் பஸ் நிலையத்துக்குப் போய் நேரப் பலகையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரைக்குள் கிளம்பிவிடுவது பாதுகாப்பு. இருபது நிமிடத்தில் தாய் ஓ.

தாய் ஓவில் இறங்கியதும் முதலில் வருவது வாசனை. கருவாடும் இறால் விழுதும். அம்மா மூக்கைப் பொத்தலாம்; கடற்கரை ஊர்க்காரர் என்றால் முகம் மலரலாம். தங்கா எனப்படும் படகுவாழ் மக்கள் நீரோட்டத்தின் மேல் கால் நட்டுக் கட்டிய தகரமும் பலகையுமான வீடுகள் இரு பக்கமும் வரிசையாக நிற்கும். 2000-ல் ஒரு தீ விபத்தில் நிறைய வீடுகள் எரிந்தன. மக்கள் அதே இடத்தில் மறுபடி கட்டிக்கொண்டார்கள். கால்வாயின் மேல் இப்போது இருக்கும் இரும்புப் பாலம் 1996-ல் வந்தது. அதற்கு முன் தட்டைப் படகில் மக்களை ஏற்றி, ஊர்ப் பெண்கள் கயிற்றைப் பிடித்து இழுத்து அக்கரை சேர்த்தார்கள். இறால் விழுதை வெயிலில் காயவைத்த வட்டத் தட்டுகளும் கண்ணில் படலாம். 2012 முடிவில் ஹாங்காங் கடலில் இழுவலை போடத் தடை வந்தது; அதன்பின் இறால் வெளியிலிருந்து வருகிறது. கடல்வளம் காக்க அந்தத் தடை தேவை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்ததைப் பார்த்தபோது மனம் கனத்தது.

படகுச் சவாரி சின்னது, வீடுகளுக்கிடையே போய்க் கடலுக்கு வந்து திரும்பும்; பெரியவர்களுக்கு நடை மிச்சம். இளஞ்சிவப்பு டால்ஃபின் பார்க்கலாம் என்று கூவுவார்கள். அவை நிஜமாகவே அந்தக் கடலில் உண்டு, ஆனால் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. அதை நம்பி ஏற வேண்டாம், வீடுகளைப் பார்க்க ஏறுங்கள். இலையில் வைத்து அவித்த சா குவோ என்ற பலகாரம் விற்பார்கள். தொட்டால் கொழுக்கட்டை மாதிரியே இருக்கும். உள்ளே எள்ளோ கடலையோ வைத்த இனிப்பு வகையைக் கேளுங்கள். உப்பு வகையில் காய்ந்த இறாலோ இறைச்சியோ இருக்கலாம். கால் வலிக்கவில்லை என்றால் ஊர்க்கோடி வரை நடந்து 1902-ல் கட்டிய பழைய காவல் நிலையத்தைப் பாருங்கள். இப்போது ஒன்பது அறை ஹோட்டல்.

ஐந்து மணி வாக்கில் பஸ் நிலையத்துக்கு வந்து, முய் வோ போகும் 1-ஆம் எண் பஸ் பிடியுங்கள். களைத்துப்போயிருந்தால் 11-ஆம் எண் நேரே துங் சுங் கொண்டுபோய் விடும், அங்கிருந்து ரயில். ஆனால் கொஞ்சம் தெம்பு இருந்தாலும் 1-ஆம் எண்தான். அனுமதிச் சீட்டு உள்ள வண்டிகள் மட்டுமே போகக்கூடிய சாலை அது. ஹாங்காங்கில் இப்படி ஒரு அமைதி உண்டா என்று இருக்கும். வலது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். ஷெக் பிக் அணை வரும்போது மட்டும் இடது பக்கம் திரும்புங்கள். பஸ் அணையின் மேலேயே போகும். கீழே நீர்த்தேக்கம், அதற்கப்பால் மலை, மலை விளிம்பில் சின்னதாகப் புத்தர். காலையில் முகம் பார்த்தோமே, இப்போது தெரிவது முதுகு. அதற்குப் பிறகு சுங் ஷாவின் நீண்ட மணல் கடற்கரை, புய் ஓவில் சேற்றில் கிடக்கும் எருமைகள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்பா அதற்குள் தூங்கியிருப்பார், அணை வரும்போது எழுப்பிவிடுங்கள்.

முய் வோவில் பஸ் நிற்கும் இடத்திலேயே கப்பல் துறை. விரைவுக் கப்பல் ஒன்று, சாதாரணக் கப்பல் ஒன்று. சாதாரணத்துக்கு ஐம்பது நிமிடம் போல ஆகும், அதையே எடுங்கள். கூடுதல் கட்டண வகுப்பில் மேல்தளத்தில் திறந்தவெளி இருக்கும், காற்று வாங்கியபடி வரலாம். முதலில் இருட்டான தீவுகள் கடந்து போகும். திடீரென்று ஒரு திருப்பத்தில் நகரத்தின் விளக்குகள் மொத்தமாக எழும்பி நிற்கும்.

அந்தக் கப்பல் ஹாங்காங் தீவின் சென்ட்ரல் பகுதியில் 6-ஆம் துறையில் விடும். பக்கத்துத் துறை, 7-ஆம் எண், ஸ்டார் ஃபெரி. அதில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் சிம் ஷா சுய். 1888-ல் இந்தப் படகுச் சேவையைக் கம்பெனியாகத் தொடங்கியவர் டோராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா என்ற பார்சிக்காரர். பச்சையும் வெள்ளையுமான அந்தப் படகில் இருக்கைகளின் சாய்மானத்தை முன்னும் பின்னும் புரட்டிப் போடலாம். படகு திரும்பாமலே போய் வரும் என்பதால் நாம்தான் திசை மாற்றிக்கொள்ள வேண்டும். எட்டு மணிக்கு இரு கரைக் கட்டடங்களிலும் ஒளிக்காட்சி தொடங்கும். அந்த நேரத்துக்குப் படகில் இருந்தாலும் சரி, கரையில் இறங்கி மணிக்கூண்டு அருகே நின்றாலும் சரி.

நவம்பர் என்பதால் வானிலை உங்கள் பக்கம். மார்ச், ஏப்ரலில் வந்தால் மூடுபனியில் கேபிள் காரிலிருந்து வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது, கோடையில் புயல். ஒருவேளை 8-ஆம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றப்பட்டால் கேபிள் கார், பஸ், கப்பல் எல்லாம் நின்றுவிடும். அன்று வெளியே வராதீர்கள். மலைமேல் ஊரைவிடக் குளிர் அதிகம், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பீக் டிராமும் கேபிள் கார்தானே, அதையும் அன்றே சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது தண்டவாளத்தில் ஓடுவது, வடம் இழுத்து மலையேற்றும். 1888-லிருந்து இருக்கிறது, அருமையானது. ஆனால் இதே நாளில் திணிக்காதீர்கள். வந்து இறங்கும் நாள் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். லாண்டாவ் நாளன்று இரவு எட்டரைக்கு அம்மா அப்பாவுக்கு வேண்டியது சுடச்சுட ஒரு சாப்பாடு. சிம் ஷா சுய்யில் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்துக்குள் போனால் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. வாசலில் அழைப்பவர்களைத் தாண்டி லிஃப்டில் மேலே போங்கள்.